மண்ணுக்குள் மறைந்திருக்கும் பகை
உருளைக்கிழங்கு நூற்புழுவும் நச்சு மருந்தும்

பால்மரத்தின் உச்சியில் இலைகள் வெளிறி மஞ்சளாகத் தொடங்கினால், அனுபவமுள்ள தொழிலாளி இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. மரத்தடியில் மண்ணைத் தோண்டி வேரைப் பார்க்கிறார். வெள்ளை வேர் நோய், வேரை அரித்த பின்னரே மேலே தன் அறிகுறியைக் காட்டும் என்பதை அவர் அறிவார். மண்ணுக்கு மேலே நாம் காண்பது விளைவு. அதன் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

உருளைக்கிழங்குப் பயிருக்கும் இத்தகைய மறைமுகப் பகை ஒன்று உண்டு. அது பூஞ்சணம் அன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழு. அதை ஒழிக்க உலகின் பல நாடுகளில் கடந்த 80 ஆண்டுகளாகப் பலவகை நச்சு மருந்துகள் மண்ணில் இடப்பட்டு வந்துள்ளன. அம்மருந்துகள் எவ்வளவு பயன் தந்தன, என்ன விலை வாங்கின என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் அல்லர். நம் நாட்டுச் சந்தையில் விற்கப்படும் கிழங்கு பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வருவது. ஆயினும் தோட்டத்தில் மருந்து அடிப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். வீட்டின் பின்புறம் கத்தரியும் வெண்டையும் தக்காளியும் வளர்ப்போரும் பலர். அவர்கள் அனைவருக்கும் இந்தப் புழுவின் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

நூற்புழு என்பது யாது?

நூல் இழை போன்ற உடலை உடையதால் இது நூற்புழு எனப் பெயர் பெற்றது. மண்புழுவுக்கும் இதற்கும் உறவில்லை. மண்புழு உழவனின் நண்பன். நூற்புழுக்களிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை. பயிரின் வேரைத் தாக்குகின்றவை சில வகைகளே.

அவற்றுள் உருளைக்கிழங்கைத் தாக்குவது முட்டைக்கூடு நூற்புழு. வேரினுள் புகும் இளம்புழு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. அது தலையை வேரினுள் புதைத்துக்கொண்டு ஓரிடத்திலேயே தங்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. பெண்புழுவின் உடல் பருத்து உருண்டு, வேரின் தோலைப் பிளந்து வெளியே துருத்தி நிற்கும். முதலில் வெண்மையாகவும் பின்னர்ப் பொன்னிறமாகவும் தோன்றுவதால் ஒரு வகையைப் பொன்னிற நூற்புழு என்பர். இறக்கும்போது அதன் தோல் தடித்துப் பழுப்பு நிறமடைந்து ஒரு கூடாக மாறுகிறது. ஊசியின் முனையளவே உள்ள அந்தக் கூட்டினுள் சில நூறு முட்டைகள் இருக்கும்.

தாய் இறந்தாலும் அதன் உடலே குஞ்சுகளுக்குக் கோட்டையாகிறது. வெயிலும் குளிரும் வறட்சியும் அக்கோட்டையை எளிதில் அழிப்பதில்லை. 20 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருள்ள முட்டைகள் கூட்டினுள் இருந்ததுண்டு. மண்ணில் உருளைக்கிழங்குச் செடி மீண்டும் வேர்விடும்போது அவ்வேரிலிருந்து கசியும் ஒரு சாறு முட்டைகளைத் தட்டி எழுப்புகிறது. அப்போது அவை பொரிந்து, வேரை நோக்கி நகர்கின்றன. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தவை ஆகையால் அவற்றையும் இப்புழு தாக்கும்.

தாக்குண்ட வயலில் முதலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் குன்றி நிற்கும். இலைகள் மஞ்சளாகும். நண்பகலில் வாடித் துவளும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று உழவர் எண்ணுவர். செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால்தான் மணி மணியாக ஒட்டியிருக்கும் பெண்புழுக்கள் தெரியும். கிழங்குகள் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

மலையேறிய புழு

இப்புழுவின் பூர்வீகம் உருளைக்கிழங்கின் பூர்வீகமே. அதாவது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. 19-ஆம் நூற்றாண்டில், கிழங்குகளோடு ஒட்டிய மண்ணின் வழியே இது ஐரோப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. 1881-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு வேரில் இதைக் கண்டனர். அந்நாட்டின் ராஸ்டாக் நகரின் பெயரே இதன் அறிவியற் பெயரில் இடம்பெற்றுள்ளது.

தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் உருளைக்கிழங்கு பயிரிடும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில், 1820-களில் தொடங்கியது. குளிர்ந்த மலைச்சரிவு கிழங்குக்கு ஏற்ற இடமாயிற்று. ஆண்டுக்கு ஒரு போகத்தோடு நில்லாமல் அதே மண்ணில் மீண்டும் மீண்டும் கிழங்கே பயிராயிற்று. மலைவாழ் உழவர்க்கு அது கைக்குக் கிடைத்த காசு. ஆனால் புழுவுக்கோ அது முடிவில்லாத விருந்து.

1961-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த நூற்புழு அறிஞர் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் ஊட்டிப் பகுதியில் பொன்னிற நூற்புழு இருப்பதைக் கண்டறிந்தார். விதைக் கிழங்குகளுடன் ஐரோப்பாவிலிருந்து அது வந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. கண்டறியப்பட்டபோது அது மலையில் வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரியிலிருந்து விதைக் கிழங்கு வெளியே செல்வதைத் தடை செய்தது. கூடவே, மருந்தைக்கொண்டு மண்ணைத் தூய்மைப்படுத்தும் முயற்சியும் நடைபெற்றது.

இருவகை மருந்துகள்

நூற்புழுவைக் கொல்லும் மருந்துகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மண்ணில் ஆவியாகப் பரவும் மருந்து. இது நீர்மமாக மண்ணினுள் செலுத்தப்படும். உள்ளே சென்றதும் ஆவியாகி, மண் துகள்களின் இடைவெளியெங்கும் பரவிப் புழுவைக் கொல்லும். 1943-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தில் வால்டர் கார்ட்டர் என்பார், டி-டி என்னும் கலவைக்கு நூற்புழுவைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று கண்டார். அதன் பின்னர் எத்திலீன் டைபுரோமைடு, டி.பி.சி.பி., மெத்தில் புரோமைடு போன்றவை பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றுட் பெரும்பாலானவை பயிரையும் கொல்லக்கூடியவை. ஆகையால் நடவுக்கு முன்னரே இட்டு, ஆவி மண்ணைவிட்டு வெளியேறும்வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். மண் மிகவும் ஈரமாக இருந்தால் ஆவி பரவாது. மிகவும் காய்ந்திருந்தால் விரைவில் வெளியேறிவிடும்.

இரண்டாவது, குருணை மருந்து. கார்போஃபியூரான், ஆல்டிகார்ப், ஃபென்சல்ஃபோதியான், ஆக்சமில் போன்றவை இவ்வகையின. நடவின்போது இக்குருணையை மண்ணில் கலப்பர். ஈரத்தில் நஞ்சு கரைந்து மண்ணில் பரவும். அது புழுவின் நரம்பைத் தாக்கி மயக்கமுறச் செய்யும். மயங்கிய புழு வேரைத் தேடிச் செல்லும் திறனை இழந்து பட்டினியால் மடியும்.

நீலகிரியில் ஃபென்சல்ஃபோதியானும் பின்னர்க் கார்போஃபியூரானும் பயன்படுத்தப்பட்டன. 3 விழுக்காட்டுக் கார்போஃபியூரான் குருணையை ஹெக்டேருக்கு 65 கிலோ வீதம் நடவின்போது இடும்படி பரிந்துரை இருந்தது. நூறு கிலோ குருணையில் 3 கிலோ மட்டுமே நஞ்சு. எஞ்சியது அதைத் தாங்கி நிற்கும் துகள். எனவே 65 கிலோ குருணையில் உள்ள நஞ்சு ஏறத்தாழ 2 கிலோ. ஒரு சதுர மீட்டர் நிலத்திற்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவே போதுமென்றால் அதன் வீரியம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கு சொல்லும் உண்மை

மருந்திட்ட வயலில் விளைச்சல் கூடியது உண்மை. செடி வேர்பிடிக்கும் முதற்சில வாரங்களில் புழுவைத் தடுத்து நிறுத்தினால், பயிர் தலையெடுத்துவிடும். அவ்வகையில் மருந்து உழவரைக் காப்பாற்றியது. ஆனால் புழு ஒழிந்ததா?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மண்ணில் 100 புழுக்கள் இருப்பதாகக் கொள்வோம். மருந்து 90 புழுக்களைக் கொன்றுவிடுகிறது. இது நல்ல மருந்து என்றே எவரும் சொல்வர். எஞ்சிய 10 புழுக்களுக்கு இப்போது தடித்துச் செழித்த வேர்கள் கிடைக்கின்றன, போட்டிக்கும் ஆளில்லை. ஒவ்வொன்றும் பத்தாகப் பெருகினால், அறுவடையின்போது மண்ணில் மீண்டும் 100 புழுக்கள் இருக்கும். பயிர் தப்பியது, மண்ணோ பழைய நிலையிலேயே இருக்கிறது. அடுத்த போகத்திற்கு மீண்டும் மருந்து வாங்க வேண்டும். இவ்வாறே ஆண்டுதோறும் செலவு தொடரும்.

மேலும் குருணை மருந்தின் வீரியம் சில வாரங்களில் குறைந்துவிடும். கூட்டினுள் உறங்கும் முட்டைகளை அது எளிதில் தொடுவதில்லை.

இனி, மருந்தே இடாமல் கிழங்குப் பயிரை மட்டும் சில ஆண்டுகள் நிறுத்திவைத்தால் என்னாகும்? உணவு தரும் செடி இல்லாதபோது ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முட்டைகள் தாமாகவே பொரிந்து மடிகின்றன எனக் கொள்ளலாம். அவ்வாறாயின் 100 முட்டைகள் முதலாண்டின் முடிவில் 67 ஆகும். இரண்டாம் ஆண்டில் 44. மூன்றாம் ஆண்டில் 30. நான்காம் ஆண்டின் முடிவில் 20. இடத்திற்கும் புழுவின் வகைக்கும் ஏற்ப இவ்வளவு மாறுபடும். ஆயினும் காசு செலவின்றி, எவர் உடலுக்கும் ஊறின்றி, காலமே செய்யும் வேலை இது.

மருந்தைத் தொட்ட கைகள்

மருந்தின் விலையை ரிங்கிட்டிலும் ரூபாயிலும் மட்டும் கணக்கிட முடியாது. பாட்டாளிகளாகிய நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

டி.பி.சி.பி. என்னும் ஆவி மருந்து, வாழை, அன்னாசி முதலிய பயிர்களில் நூற்புழுவைக் கொல்லப் பெருமளவில் பயன்பட்டது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இம்மருந்தைத் தயாரித்த ஆலையொன்றின் ஆண் தொழிலாளர்கள் தங்களுள் பலருக்கு நெடுநாளாகப் பிள்ளைப்பேறு இல்லாததை ஒருவரோடொருவர் பேசி உணர்ந்தனர். மருத்துவச் சோதனையில் பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ இருப்பது தெரியவந்தது. இம்மருந்து எலிகளின் விதைப்பையைப் பாதிக்கிறது என்பது 1961-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்திருந்தது. ஆயினும் அந்த எச்சரிக்கை ஆலையில் வேலை செய்தோரின் காதுக்கு எட்டவில்லை. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. கோஸ்டா ரிக்கா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் இம்மருந்தைக் கையாண்ட தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் இதே குறைக்கு ஆளாயினர். நீதிமன்றங்களில் அவர்கள் தொடுத்த வழக்குகள் பல்லாண்டுகள் நீடித்தன.

அவர்களும் நம்மைப் போன்ற தோட்டப் பாட்டாளிகளே. தங்கள் கையால் மண்ணில் இட்டது எத்தகைய நஞ்சு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

மண்ணில் இட்ட நஞ்சு மண்ணோடு நின்றுவிடும் என்றும் எண்ணலாகாது. அமெரிக்காவின் லாங் ஐலண்டு பகுதி உருளைக்கிழங்குக்குப் பெயர்பெற்றது. அங்கே 1941-ஆம் ஆண்டில் பொன்னிற நூற்புழு காணப்பட்டது. 1970-களில் அப்பகுதியின் கிழங்கு வயல்களில் ஆல்டிகார்ப் குருணை இடப்பட்டது. அவ்விடத்து மண் மணற்பாங்கானது. மழைநீரோடு நஞ்சு கீழே இறங்கி, 1979-ஆம் ஆண்டில் மக்கள் குடிக்கும் கிணற்று நீரில் காணப்பட்டது. மறு ஆண்டே அப்பகுதியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

மெத்தில் புரோமைடு காற்றில் கலந்து, பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் மண்ணில் இடும் பயன்பாடு படிப்படியாகக் கைவிடப்பட்டது. கார்போஃபியூரான் மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. நம் தோட்டங்களில் களைக்கொல்லியாக நெடுங்காலம் அடிக்கப்பட்ட பாராகுவாட்டும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே தடைக்குள்ளாயிற்று. நேற்று 'நல்ல மருந்து' எனப்பட்டது இன்று விலக்கப்படுவதை நாமே கண்டிருக்கிறோம்.

நீலகிரி கற்ற பாடம்

மருந்தால் மட்டும் புழுவை வெல்ல இயலாது என்பதை நீலகிரி அனுபவம் உணர்த்தியது. ஆகவே பல வழிகளை ஒன்றிணைக்கும் முறை அங்கே வகுக்கப்பட்டது.

முதலாவது, பயிர்ச் சுழற்சி. கிழங்குக்குப் பின் கிழங்கே நடாமல், முட்டைக்கோஸ், காரட், முள்ளங்கி, பூண்டு, அவரையினம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுதல். இவற்றின் வேரில் இப்புழுவுக்கு உணவில்லை.

இரண்டாவது, எதிர்ப்பாற்றல் உள்ள இரகம். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் 'குஃப்ரி சுவர்ணா' என்னும் இரகம் 1985-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதன் வேர்ச்சாறு முட்டைகளைப் பொரிக்கச் செய்யும். ஆனால் புகுந்த புழு அவ்வேரில் வளர்ந்து முட்டையிட முடியாது. எனவே செடியே பொறியாகிறது. பின்னர் 'குஃப்ரி நீலிமா', 'குஃப்ரி சஹ்யாத்ரி' முதலிய இரகங்களும் வந்தன. ஆயினும் எதிர்ப்பு இரகத்தையே இடைவிடாது நட்டால், அதை மீறும் புழுவகை தலையெடுக்கக்கூடும். எனவே அதையும் மாற்றி மாற்றியே நட வேண்டும்.

மூன்றாவது, தூய்மை. தாக்குண்ட நிலத்தின் மண் ஒட்டிய சாக்கு, மண்வெட்டி, காலணி ஆகியவை புழுவின் வாகனங்கள். தூய்மையான விதைக் கிழங்கே முதல் மருந்து. 2018-ஆம் ஆண்டில் இப்புழு வட இந்தியாவின் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தரகாண்ட் ஆகிய பகுதிகளிலும் இருப்பது தெரியவந்து, அங்கிருந்து விதைக் கிழங்கு அனுப்புவதற்குத் தடை விதிக்கப்பட்டது. விதை உற்பத்தியையே நம்பியிருந்த மலைவாழ் உழவர்க்கு அது பேரிடியாயிற்று.

இவ்வழிகளுக்குத் துணையாக, மண்ணைச் சோதித்து, புழு மிகுந்துள்ள இடத்தில் மட்டும் அளவோடு இடுவதே மருந்துக்குரிய இடம். ஃபுளுவோபைரம் போன்ற, பழைய குருணைகளைவிட மனிதர்க்கு நச்சுத்தன்மை குறைந்த புதிய மருந்துகளும் இப்போது வந்துள்ளன. எனினும் நச்சுத்தன்மை குறைந்தது என்பதற்கு, பாதுகாப்பின்றிக் கையாளலாம் என்பது பொருளன்று.

மருந்தைக் கையாள்வோர் கவனத்திற்கு

நூற்புழு மருந்தாயினும் களைக்கொல்லியாயினும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

மருந்தின் பெயரையும் சிட்டையில் உள்ள எச்சரிக்கையையும் அறியாமல் வேலையைத் தொடங்காதீர்கள். 1974-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி, நம் நாட்டில் விற்கப்படும் மருந்துகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மலாய் மொழியில் உள்ளதைப் படிக்க இயலாதவர் மண்டோரிடமோ பிள்ளைகளிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

குருணையை வெறுங்கையால் வாரி இறைக்கலாகாது. அதைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பதும் பேராபத்து. மேலே சிதறிக் கிடக்கும் குருணையைப் பறவைகள் தானியமென்று கொத்தி மடியும். ஆகவே மண்ணால் மூட வேண்டும். வேலைக்கிடையே புகைத்தலும் வெற்றிலை போடுதலும் கூடா. வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும். காலியான டின்னில் அரிசியோ தண்ணீரோ வைப்பது, வீட்டுக்குள் நஞ்சை அழைத்து வருவதாகும்.

மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் ஆகியவை குருணை நஞ்சின் அறிகுறிகள். உடனே வேலையை நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்பிட்டுக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்தின் சிட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சென்று தெரிந்தால்தான் மருத்துவர் விரைந்து மாற்று மருந்து தர இயலும்.

நம் வீட்டுக் கொல்லையில்

நம் வீட்டுத் தக்காளியும் கத்தரியும் வெண்டையும் காரணமின்றிக் குன்றினால், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் ஆங்காங்கே புடைத்து முடிச்சு முடிச்சாக இருந்தால், அது உருளைக்கிழங்குப் புழுவின் உறவினனாகிய வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. பால்மரங்களுக்கிடையே வளரும் மூடுபயிர்க் கொடியின் வேரிலும் சிறு உருண்டைகளைக் கண்டிருப்பீர்கள். அவை மண்ணுக்கு வளமூட்டும் நுண்ணுயிர்களின் குடில்கள். விரலால் தேய்த்தால் எளிதில் உதிர்ந்துவிடும். புழுவின் முடிச்சோ வேரே புடைத்தது, அது உதிராது.

இதற்கு நச்சு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. காய்ப்பு முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அதே இடத்தில் மீண்டும் கத்தரி இனத்தை நடாதீர்கள். ஒரு பருவம் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டு வளர்த்தால், வேர்முடிச்சுப் புழு பெரிதும் குறையும். மக்கிய உரமும் வேப்பம் பிண்ணாக்கும் மண்ணுக்கு வலுவூட்டும். மழையற்ற வெயிற்காலத்தில் ஈரமண்ணின் மேல் தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பை ஓரங்கள் மூடிப் பரப்பி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவைத்தால், வெப்பத்தாலேயே மேல்மண்ணின் புழுக்கள் பெரிதும் மடியும்.

மற்றொன்றும் கூற வேண்டும். தமிழ்நாட்டுக்கோ பிற நாடுகளுக்கோ சென்று திரும்பும்போது, ஆசையாக ஒரு செடியையோ விதைக் கிழங்கையோ மண்ணோடு கொண்டுவர நம்மிற் சிலர் முற்படுவதுண்டு. உத்தரவின்றி அவ்வாறு கொண்டுவருவது சட்டப்படி குற்றம். ஒரு பிடி மண்ணில் வந்த புழுவே ஒரு மலைநாட்டு உழவர்களைத் தலைமுறைக்கு வருத்தியது என்பதை நினைவிற் கொள்வோம்.

மருந்து உழவுக்குத் துணையாகலாம், உழவாகிவிடாது. மண்ணை அறிந்து, பயிரை மாற்றி, விதையைத் தூய்மையாக வைத்திருப்பவருக்கு மருந்தின் தேவை குறையும். மருந்தைத் தொட்டே ஆகவேண்டிய வேளையில், அது எதைக் கொல்லும் என்று கேட்பதோடு, தொடுகின்ற கையை அது என்ன செய்யும் என்றும் கேட்டறிந்து செயற்படுவோம். அந்தக் கைகளை நம்பியே நம் குடும்பங்கள் வாழ்கின்றன.